எஸ்தரை யாரிடம் விடுவது?

சகோதரிகளே, என் மகள் எஸ்தர் செத்துப்போவாள் என்று நான் நினைத்த ஒரு பகலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை. அன்று எனக்குள் இருந்தது பயம். இப்போது இருப்பது என் ஆண்டவர் செய்ததை நினைத்து வரும் நன்றி.

அது 1943. யுத்த காலம். என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே வேலையில் இருந்தவர். விஷக் காய்ச்சல் வந்து ஐந்தே நாளில் போய்விட்டார். எஸ்தருக்கு அப்போது ஒன்றரை வயது. நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்ததால் திருத்தணியில் ஒரு பெண்கள் ஆரம்பப் பள்ளியில் வேலை கிடைத்தது. தாய் தகப்பன் இல்லை. புருஷன் வீட்டார் சித்தூர் பக்கம். அவர்கள் என்னைக் கூப்பிடவில்லை. மலையடிவாரத்தில் ஒற்றை அறையில் நானும் குழந்தையும் குடியேறினோம்.

வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. "வகுப்புல கைக்குழந்தைய வச்சிகினு பாடம் நடத்தக் கூடாதுங்க டீச்சர். இன்ஸ்பெக்டர் வந்தா நான் இன்னா சொல்றது?" என்றார் தலைமையாசிரியை. அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் பிள்ளையை யாரிடம் விடுவேன்?

வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் வீடுகள் ஊரில் இரண்டு இருந்தன. முதலில் மங்கம்மா என்ற தெலுங்குக்காரப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே பத்துப் பிள்ளைகள், ஒரே கூச்சல். ஒன்று சேற்றில் உட்கார்ந்திருந்தது. ஒன்று அவள் இடுப்பில் அழுதது. பிள்ளைகளின் முகமெல்லாம் கேழ்வரகுக் கூழ், நெற்றியெல்லாம் விபூதி. அப்படியே திரும்பிவிட்டேன்.

இரண்டாவது வீடு நம் சபையைச் சேர்ந்த ராகேலுடையது. பெருக்கி மெழுகிய தரை. வரிசையாகப் பாய்கள். ஆறு குழந்தைகள் அயர்ந்து தூங்கின. காலை பத்து மணிக்கு ஒரு முனகல்கூட இல்லை. "எங்க வீட்ல சத்தமே இருக்காதுங்க டீச்சரம்மா" என்றாள் ராகேல். அன்று மாலை முழங்காலில் நின்று ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மூன்று வாரம் போனது. எஸ்தர் மாலையில் என்னைப் பார்த்தால் கை நீட்டுவதில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வயிறு கட்டிக்கொண்டது. கன்னம் வற்றியது. ராகேலிடம் கேட்டேன். "பல்லு மொளைக்குதும்மா, அப்டித்தான் இருக்கும்" என்றாள். நம்பினேன். உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆசைப்பட்டேன். அந்த இடமும் இல்லையென்றால் என் வேலை போய்விடும்.

ஒரு நாள் விடியற்காலையில் கஞ்சி ஊட்டினேன். விழுங்கத் தெரியாதவள் போல் வாயோரம் வழிய விட்டாள். அவளை மடியில் வைத்தபடியே ஜெபித்தேன்: "ஆண்டவரே, என் கண்ணுக்குத் தெரியாதது எதுவோ அதை எனக்குக் காட்டும். நான் தாங்க மாட்டேன் என்றாலும் காட்டும்."

ஜெபித்துவிட்டு, வேறு வழியில்லாமல், அதே வீட்டில் அவளை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் எனக்குள் ஒரு வார்த்தை எழும்பியது. "போய்ப் பார்." காதால் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குமேல் என்னால் ஒரு நிமிஷம் அங்கே நிற்க முடியவில்லை. தலைமையாசிரியையிடம் ஓடினேன். "நான் போகணும்ங்க" என்று மட்டும் சொன்னேன். காரணம் கேட்காமல் யாரையும் விடாதவர் அவர். என் முகத்தைப் பார்த்தார். "போங்க. வகுப்ப நான் பாத்துக்கறேன்" என்றார். என்னை ஏன் அனுப்பினோம் என்று தனக்கே தெரியவில்லை என்று பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார்.

ராகேல் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். நான் நேரே உள்ளே போனேன். எஸ்தரின் உதட்டில் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது. மெல்ல நடந்து மூக்குத் துவாரம் வரைக்கும் போனது. அவள் முகம் சுளிக்கவில்லை. பக்கத்துக் குழந்தையின் இமைமேல் இன்னோர் ஈ. அதுவும் அசையவில்லை. நான் புகழ்ந்த அமைதி இதுதான் என்று அப்போது புரிந்தது.

எஸ்தரைத் தூக்கினேன். தலை பின்னால் தொங்கியது. உதடு நீலம் பூத்திருந்தது.

"இன்னா குடுத்தே?" என்று கத்தினேன்.

குடத்தோடு ஓடி வந்த ராகேல் வெளிறிப்போனாள். "அபினிதாங்க... கடுகளவு. எங்க மாமியாகூட எல்லாப் பிள்ளைங்களுக்கும் குடுத்தாங்க. இன்னிக்கி ரொம்ப அழுதுது, அதனால இன்னோரு தரம்..."

முழுக்கக் கேட்க நான் நிற்கவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது: அன்று டாக்டர் மதராஸுக்குப் போகிற கிழமை. கம்பவுண்டர் மட்டும்தான் இருப்பார். அப்படியும் ஓடினேன். போய்ப் பார்த்தால், பயணப் பை காலடியில் கிடக்க, டாக்டர் தாழ்வாரத்தில் நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தரின் இமையைப் பிரித்தார். கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கியிருந்தது. குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார். கடுங்காப்பி புகட்டினார். ராகேல் வீட்டிலிருந்த மற்ற ஆறு குழந்தைகளையும் தூக்கி வரக் கம்பவுண்டரை விரட்டினார். பிறகு பிள்ளையை என் கையில் கொடுத்தார். "தூங்க விடாதம்மா. தூங்கினா மூச்சு நின்னுடும். தூக்கிக்கினு நடந்துக்கினே இரு."

நடந்தேன். கிள்ளினேன். கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் என் கால் மடங்கியது. அப்போது ஒரு கை குழந்தையை வாங்கிக்கொண்டது. மங்கம்மா. தன்னிடம் விட்டிருந்த ஒரு சிறுமிக்குக் காலில் ஓடு கிழித்துவிட்டதென்று கட்டுப் போட வந்திருந்தாள்.

"நீ குந்தும்மா. நான் பாத்துக்கறேன்."

அவள் நடந்தாள். உள்ளங்காலைச் சுண்டினாள். தெலுங்கில் பாடினாள். "எஸ்தரு! ஏய் எஸ்தரு! கண்ணத் தொறடி கண்ணு!" என்று ஊரே கேட்கக் கூவினாள். நான் தரையில் நெற்றி பட விழுந்து கிடந்தேன். என் ஜெபத்தில் வார்த்தையே இல்லை.

வெயில் சாய்ந்து மலையின் நிழல் தாழ்வாரத்தைத் தொட்டபோது எஸ்தர் முனகினாள். பிறகு வாய் கோணியது. பிறகு தொண்டை கிழிய அழுதாள்.

"அழுவுதும்மா! அழுவுது!" மங்கம்மா சிரித்துக்கொண்டே அழுதாள். மூன்று வாரமாக என் மகள் அழுது நான் கேட்டதில்லை.

மற்ற ஆறு குழந்தைகளும் பிழைத்தன. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை.

புறப்படும்போது டாக்டரிடம், "நீங்க எப்டிங்க இன்னிக்கி இங்க?" என்று கேட்டேன். "விடிகாலை வண்டிம்மா. கண்ணெதிர்லயே போயிடுச்சு. பன்னெண்டு வருஷத்துல நான் வண்டிய விட்டதே இல்ல" என்றார். அந்த நேரத்தில்தான் நான் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு ரயிலை எனக்காக முன்னால் அனுப்பிவிட்ட தேவனை நான் என்னவென்று சொல்வேன்!

ஒரு வாரம் கழித்து மங்கம்மா வீட்டுக்குப் போனேன். இந்த முறை வாசலில் நிற்கவில்லை. உள்ளே போய் அரை நாள் உட்கார்ந்தேன். கூழ் கொடுக்குமுன் அவள் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் கழுவினாள். எந்தப் பிள்ளை எப்போது என்ன தின்றது என்று கேட்டால் யோசிக்காமல் சொன்னாள்.

"அழுதா இன்னா பண்ணுவே?" என்று கேட்டேன்.

"தூக்கிக்குவேன். வேற இன்னா பண்றது?"

என் பிள்ளை நெற்றியில் ஒன்றும் இட வேண்டாம் என்றேன். "ஆங், சரிம்மா" என்றாள். எஸ்தர் அவளிடம் இருந்த மூன்று வருஷமும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள்.

ராகேல் ஞாயிறு ஆராதனைக்கு வந்து கடைசிப் பாயில் தனியாக உட்கார்ந்தாள். ஒருவரும் அவள் அருகில் போகவில்லை. எனக்கும் மனம் எரிந்தது. ஆனால் என் பிள்ளையை உயிரோடு திருப்பித் தந்தவர் முன்னால் அந்த எரிச்சலை வைத்துக்கொண்டு எப்படிப் பாடுவேன்? எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அபினியைச் சாக்கடையில் கொட்டிவிட்டதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் யார் பிள்ளையையும் பார்த்துக்கொள்ள வாங்கவில்லை.

எஸ்தர் இப்போது மூன்றாம் வகுப்பு. வாய் ஓயாது. அதட்ட வாயெடுப்பேன், முடியாது.

பிள்ளையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் தவிக்கிற தாய் இங்கே இருந்தால், மகளே, என் ஆண்டவரிடம் கேள். அவர் காட்டுவார். கேட்டுவிட்டு உட்கார்ந்திருக்காதே. சொல்லாமல், நடுப்பகலில், எழுந்து போய்ப் பார்.