ஓட்டு வீட்டுக்கு மேலே ஒரு விமானம்

இன்று கடையில் யாரோ பெப்பர்மிண்ட் பிரித்த வாசனை வந்ததும், அல்சூரில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த எங்கள் ஓட்டு வீடும், விமானத்தில் மிஞ்சிய மிட்டாய் நிறைந்த அப்பாவின் சட்டைப்பையும் நினைவுக்கு வந்தன. போர் விமானம் ஓட்டிய காலத்தில் வெறுங்கையோடு வருவார். பயணிகள் விமானத்துக்கு மாறிய பிறகுதான் இந்த இனிப்பெல்லாம். அம்மாவுக்கு என்னவோ இரண்டும் ஒன்றுதான். தலைக்கு மேல் இன்ஜின் சத்தம் கேட்டால் மாவாட்டும் கை நின்றுவிடும், சத்தம் சீராகத் தேய்ந்து மறைந்த பிறகே குழவி மறுபடி சுழலும், அதுவரை நானும் வாய் திறக்க மாட்டேன்.

ஒருநாள் அப்பா, "இது பட்டாளத்து ப்ளேன் இல்லடி, மெத்தை சீட்டு. பாஸ் வாங்கிட்டேன், ஒருதரம் ஏறிப் பாரு. நம்ம பஸ்ஸைவிட ஆட்டம் கம்மி" என்று கெஞ்சினார்.

அம்மா நிமிரவில்லை. "நானும் ஏறிட்டா, கீழ காது குடுத்துக் கேக்க யாருங்க இருக்கா?"