பீடம் வரை ஏறிய வெயில்

அன்று கோயிலுக்குள் இருந்தவர்கள்: கத்தோலிக்கக் குருவான எங்கள் இத்தாலிச் சாமி, கோயில் மூப்பரான என் அப்பா, மாத்தளை டவுனிலிருந்து வந்த தகரவேலை முஸ்லிம் நானா, பூசை முடிந்தும் வீட்டுக்குப் போகாத முப்பது நாற்பது பேர், ஏணியைப் பிடித்துக்கொண்டு நான். வராதவர்கள்: தோட்டத்துத் துரை, அவர் எப்போதுமே வருவதில்லை; பெரிய கிளாக்கர், கூரைக்கு ஏதும் ஆகிவிட்டால் தானும் அங்கே நின்றதாகப் பேர் வந்துவிடக் கூடாதென்று; என் அம்மா, கோபத்தில். சூரியனும் வரவில்லை. விடியும்போதே ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து மூட்டம் இறங்கி, ரத்தோட்டைக்கு மேலேயிருந்த எங்கள் தேயிலைத் தோட்டம் முழுவதையும் மூடியிருந்தது. வெயிலுக்காக ஓட்டை போடப் போன நாளில் வெயில் இல்லை.

அம்மாவின் கோபத்தில் நியாயம் இருந்தது. தகரம் போடுவதற்கு முன்பு கோயிலுக்கு மானாப்புல் கூரைதான். மழைக்காலத்தில் பூசை நடக்கும்போது சாமியின் முதுகில் சொட்டும்; ஒரு தடவை பீடத்தில் எரிந்த மெழுகுதிரியே அணைந்து போனது. பிறகு தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளெல்லாம் மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தை ஒதுக்கி, வருடக்கணக்கில் சேர்த்துத்தான் தகரக் கூரை போட்டோம். வாசல் வாசலாகப் போய் வாங்கியவர் அப்பா. தகரம் ஏறிய அன்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொன்னார்: "இனிமே இந்தக் கோயிலுக்குள்ள ஒரு சொட்டு விழுந்தா, மூப்பர் வேலைய வேற ஆளு பாத்துக்கங்க."

அந்தக் கூரையில்தான் சாமி ஓட்டை கேட்டார்.

அவர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மோட்டார் சைக்கிளில் வருவார். பையில் பூசைச் சாமானோடு வானநூல் புத்தகமும் ஒன்று இருக்கும். எங்கள் சனங்கள் காதோடு சொல்லும் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டே தமிழ் படித்தவர் என்பதால், அவர் பேச்சில் தோட்டத்து வசவுகள் தாராளமாக வரும். அவை வசவுகள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"மூப்பரே, கூரையில ஒரு ஓட்ட போடணும்" என்றார்.

அப்பா சிரித்தார். சாமி சிரிக்கவில்லை.

அவருடைய நாட்டின் பெரிய பெரிய கோயில்களில், படித்த குருமார் கூரையில் துளை போட்டுத் தரையில் நேர்கோடு கீறி வைத்திருக்கிறார்களாம். உச்சி நேரத்தில் வெயில் அந்தத் துளை வழியாக இறங்கி, ஒரு பொட்டுப் போலக் கோட்டின்மேல் விழும். கோட்டில் எந்த இடத்தில் விழுகிறது என்பதை வைத்து வருடத்தின் எந்த நாள் என்று சொல்லிவிடலாம். ஈஸ்டர் என்கிற பாஸ்குத் திருநாளின் கணக்கையே அப்படித்தான் சரிபார்த்தார்களாம்.

"பாஸ்கு என்னைக்குன்னுதான் காலண்டர்ல போட்டிருக்கே சாமி?"

"காலண்டர அடிச்சவன் எதப் பாத்து அடிச்சான்?"

"போன வருசத்துக் காலண்டரப் பாத்து."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "ஓட்ட போட்டவங்க கடவுள் பயம் இல்லாதவங்க இல்ல மூப்பரே. அவர் எப்பிடிச் செஞ்சு வச்சிருக்காருன்னு பாக்க ஆசப்பட்டவங்க. செபம் பண்றதும் கணக்குப் போடுறதும் அவங்களுக்கு ஒரே முழங்கால்லதான்."

அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், நீதான படிச்சவன். இதெல்லாம் புஸ்தகத்துல இருக்கா?"

எங்கள் வம்சத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். சீனியர் பாஸ் பண்ணிவிட்டுத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கோணக் கணக்குகளைப் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருந்தேனே தவிர, அவற்றால் சூரியனைத் தொடலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. "இருக்குப்பா" என்றேன். அப்பா என் சொல்லை நம்பித் தலையாட்டினார். சாமியின் சொல்லை நம்பி அல்ல.

அம்மா மட்டும், "என் கூலியும் அந்தத் தகரத்துல இருக்கு. அத வெட்டுறத என்னால பாக்க முடியாது" என்று லயத்திலேயே இருந்துவிட்டாள்.

நானா முகட்டருகே தகரத்தை வெட்டி, சிறு துளையிட்ட பித்தளைத் தகட்டைப் பொருத்தி, மழை உள்ளே வராதபடி சுற்றிலும் ஒரு விளிம்பு எழுப்பி ரிவெட் அடித்தார். கீழே இறங்கி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மத்தியான லுஹர் தொழ நேரமாயிருச்சு சாமி. உங்க ஓட்ட என்னா சொல்லுது?" என்றார்.

"அது இன்னும் வாய் தொறக்கல நானா."

துளையிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அதன் அடியைக் குறித்தோம். அந்தப் புள்ளி பீடத்துக்குச் சில அடி முன்னால் இருந்தது. எங்கள் கோயிலில் பீடம் தெற்கே, வாசல் வடக்கே. சாமி திசைகாட்டியைப் பார்த்து, அந்தப் புள்ளியில் தொடங்கி வாசல் வரை நேர்வடக்காகக் கோடு போட்டார். சீமெந்துத் தரையைக் கொத்தி, சிவப்புச் சீமெந்தை நிரப்பினோம்.

மறுநாள் மூட்டம் விலகியது. உச்சி நேரத்துக்குக் கதவையும் சன்னலையும் சாத்தினோம். இருட்டில், தரையில், ஒரு வெயில் வட்டம். அது சும்மா வெளிச்சம் இல்லை, சூரியனுடைய உருவமே அதுதான் என்றார் சாமி. மேகம் ஒன்று வட்டத்தின் குறுக்கே ஊர்ந்து போனதையும் பார்த்தோம். அதைவிட, வட்டம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. கோட்டை நோக்கி எறும்பு போல வந்து, கோட்டின்மேல் ஏறி, மறுபக்கம் இறங்கியது.

அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். "நகருறது வெயிலாடா, நம்மளா?"

"நம்மதான்பா. பூமிதான் சுத்துது."

அவர் மெல்ல ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டார்.

அதற்குப் பிறகு சாமி காய்ச்சலில் விழுந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். வேறொரு சாமி வந்து விடியற்பூசையை வைத்துவிட்டு அவசரமாகத் திரும்பிப் போவார். பள்ளிக்கூடத்து உச்சிநேர இடைவேளையில் நான் ஓடிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வட்டத்தைப் பார்ப்பேன். அது நாளுக்கு நாள் கோட்டின் வழியே பீடத்தை நோக்கி நெருங்கியது. சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்னால் கோடு தொடங்கும் புள்ளிக்கே வந்து சேர்ந்தது. அத்தோடு திரும்பிவிடும் என்று நினைத்தேன். திரும்பவில்லை. புள்ளியைத் தாண்டி, கோடே இல்லாத பக்கத்துக்குப் போய்விட்டது.

கூரை சரிந்துவிட்டதோ என்று ஏறிப் பார்த்தேன். தூக்குக்குண்டைத் திரும்பவும் விட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. வட்டம் மட்டும் எதற்கும் கட்டுப்படாமல் போய்க்கொண்டிருந்தது. வைகாசி பிறந்ததும் பீடத்தின் படியில் ஏறியது.

"சாமி போட்ட கோட்டுக்கு வெளிய போகுதுடா. எங்க போகுது?" என்று அப்பா கேட்டார். பதில் சனங்களிடம் இருந்தது. ஆண்டவரிடம்தான் போகிறது, இது புதுமை, அற்புதம் என்றார்கள். படியில் பூ வந்தது, மெழுகுதிரி வந்தது. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறவர்களும் வந்து கைகூப்பினார்கள். கூரையை வெட்ட விட்டதற்காக அப்பாவிடம் முகம் கொடுக்காதிருந்தவர்கள், இப்போது "மூப்பரே, ஒங்களுக்குத்தான்யா அந்தப் புண்ணியம்" என்று கையைப் பிடித்தார்கள். அப்பா நிமிர்ந்து நடந்தார். இது புதுமை இல்லையென்று ஆகிவிட்டால் அவர் கதி என்ன?

வைகாசி பாதி போன பிறகு சாமி இளைத்துப்போய் வந்து சேர்ந்தார். வட்டம் பீடத்தின் முகப்பில் ஏறி, துணியின் விளிம்பைத் தொட்டிருந்தது. பூக்களையும் மெழுகுதிரிகளையும் பார்த்தார், வட்டத்தைப் பார்த்தார். பிறகு பளாரென்று தன் நெற்றியிலேயே அடித்துக்கொண்டு, லயத்து வசவு ஒன்றைச் சொன்னார். கோயிலுக்குள்ளேயே.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: "இது புதுமை இல்லீங்க. என் தப்பு. என் ஊர்ல சூரியன் எப்பவும் தெக்குப் பக்கமாத்தான் நிக்கும், தலைக்கு நேரா ஒருநாளும் வராது. அதனால அங்க கோடு ஒரு பக்கந்தான். இங்க அது தலைக்கு மேல வந்து, வடக்க தாண்டிப் போகுது. அப்ப வெளிச்சம் தெக்க விழும், பீடத்துப் பக்கம். இத்தன வருசம் இங்க இருந்தும் என் தல மட்டும் இன்னும் அங்கயே நிக்குது."

நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நாளுதான் இது ஏறும். அப்புறம் நின்னு, வந்த வழியே திரும்பிரும். எங்க நிக்கும்னு சொல்றேன்." பூசை முடிந்ததும் சாமி என்னைப் பக்கத்தில் இருத்தி, புத்தகத்தின் அட்டவணைகளைப் பார்த்துக் கணக்குப் போட்டார். அளந்து, பீடத்துத் துணியில் பென்சிலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டார். அந்தத் துணியைத் துவைத்துக் கஞ்சி போடுகிறவள் என் அம்மா. "ஓட்ட போட்டது பத்தாதுன்னு துணியிலயும் கிறுக்குறாரா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் கிறுக்கலைப் பார்ப்பதற்காகவே கோயிலுக்கு வந்தாள்.

பிறகு தினமும் உச்சி நேரத்தில் ஆள் கூடியது. பாதிப் பேருக்கு வெயில் பீடத்தின்மேல் இருக்கும் நற்கருணைப் பேழை வரைக்கும் போக வேண்டுமென்று ஆசை. "சாமி கணக்குப் பொய்க்கணும்னு நேந்திருக்கேன்" என்றே ஒரு கிழவர் சொன்னார். வெயில் கொஞ்சம் கொஞ்சமாகப் பென்சில் வட்டத்துக்கு அருகே வந்தது. சாமி சொன்ன கடைசி நாளன்று காற்றும் மேகமுமாக இருந்தது. இன்றைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்தபோது மேகம் விலகிற்று. வெள்ளைத் துணியின்மேல் வட்டம் பளிச்சென்று விழுந்து, நகர்ந்து வந்து, உச்சி நேரத்தில் பென்சில் கோட்டுக்குள் சரியாக நிறைந்தது. மறுநாளும் அங்கேதான். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் போல அது மேலேயும் ஏறவில்லை, கீழேயும் இறங்கவில்லை. அப்புறம், மயிரிழை மயிரிழையாக, திரும்பியது.

யாரும் புதுமை என்று சொல்லவில்லை. எங்களுக்குக் குடியுரிமை இல்லாத, எந்த அரசாங்கப் பதிவிலும் இடமில்லாத காலம் அது. அந்தச் சூரியன், அந்த மலையில், எங்கள் பீடத்துத் துணியில் எந்த இடத்தில் நிற்கும் என்பது மட்டும் உலகம் உண்டான நாளிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை ஒரு மனிதன் பென்சிலால் வாசித்துவிட்டான்.

"சொன்ன எடத்துல நின்னுருச்சு சாமி" என்றார் அப்பா. "ஒங்க சொல்லக் கேக்குதே!"

"அது கேக்குறது என் சொல்ல இல்ல மூப்பரே."

ஆடிக் காற்று அந்த வருடம் மோசம். ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே சத்தம் கேட்டது. ஓட்டை போட்ட தகரம், எழுப்பியிருந்த விளிம்பில் காற்றுப் பிடித்துக் கிழிந்து, பக்கத்துத் தகரங்கள் இரண்டையும் இழுத்துக்கொண்டு தேயிலைக்குள் போய் விழுந்திருந்தது. பின்னாலேயே மழை. பீடம் தொப்பலாக நனைந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா கோயில் சாவியைக் கொண்டுவந்து பீடத்துப் படியில் வைத்தார். "சொன்ன சொல்லுதான். வேற ஆளப் பாத்துக்கங்க."

"சூரியன் வர்ற வழியில காத்தும் வந்துருச்சு மூப்பரே" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தப்பு என்னோடது" என்று சாமி எழுந்தார்.

"நீங்க ஒக்காருங்க சாமி" என்றாள் அம்மா. பெண்கள் பக்கமிருந்து யாரும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "இந்தாங்க, சாவிய எடுங்க மொதல்ல. தகரம் போனா தகரம் வாங்கலாம். வாங்குறதுன்னா ஓட்டையோடயே வாங்குங்க. மார்கழியில அது கதவுப் பக்கம் வரைக்கும் போகுமாம், இவன் சொல்றான். நான் அதப் பாக்கணும்."

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெயில் பேழை வரை போக வேண்டுமென்று நேர்ந்துகொண்ட கிழவர்தான் முதலில் கையைத் தூக்கினார்: "என் பேருல ஒரு நாள் சம்பளம் போட்டுக்கங்க." அடுத்தடுத்துக் கைகள் எழும்பின. அப்பா சாவியை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

நானா திரும்பவும் வந்தார். இந்தத் தடவை விளிம்பைத் தாழ்த்தி, கீழே கம்பி கொடுத்து இறுக்கினார். சிவப்புக் கோட்டைப் புள்ளியிலிருந்து தெற்கே பீடத்தின் அடி வரை நீட்டினோம். அதை நானும் அப்பாவும் கொத்தினோம். மூன்று தகரம், கம்பி, ரிவெட், சீமெந்து, நானாவின் கூலியில் பாதி — மீதிப் பாதியை அவர் வாங்கவில்லை — எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்தக் கைகள் கொடுத்தது எண்பத்திரண்டு ரூபாய் அறுபது சதம்.