கொத்திவிட்ட தூண்கள்

எருமப்பட்டியில் அப்பாவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததுதான் என் முதல் பெரிய வேலை. சேலம் சூரமங்கலத்தில் சின்னதாக ஆர்க்கிடெக்ட் ஆபீஸ் போட்டிருந்தேனே தவிர, அதுவரை காம்பவுண்டு சுவரும் கடை முகப்பும்தான் வந்துகொண்டிருந்தன. முழுசாக ஒரு வீடு, அதுவும் சொந்தக்காரர்கள் கண்ணெதிரே. சொதப்பினால் தொலைந்தேன்.

எனக்கு ஒரு பிரெஞ்சுக்கார ஆர்க்கிடெக்ட் மேல் பைத்தியம். நூறு வருசத்துக்கு முன்னால் பாரிசில் கான்கிரீட்டை வைத்தே அடுக்குமாடி, தேவாலயம் என்று கட்டியவர். கல்தச்சர் மகன். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு அப்பாவின் கட்டட வேலையில் இறங்கியவர். போரில் தரைமட்டமான ஒரு துறைமுக ஊரையே வயசான காலத்தில் திரும்ப எழுப்பினார். கான்கிரீட் மேல் பூச்சு என்றால் அவருக்கு ஆகவே ஆகாது. மேல்தோலைக் கொத்தி எடுத்து, உள்ளிருக்கும் ஜல்லியின் நிறத்தை வெளியே காட்டுவார். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சொல்லி அப்பா காதில் ரத்தம் வரவைத்தேன்.

அப்பாவுக்குக் கோழிப்பண்ணை. பூசாத வீட்டைப் பார்த்தால் கையைக் கடித்துவிட்டது என்றுதான் ஊர் பேசும், அந்தப் பேச்சு மட்டும் வேண்டாம் என்றார். கடைசியில் வாசல் தூண் நாலை மட்டும் அரைமனசாக விட்டுக்கொடுத்தார்.

ஆள் வைத்து நாலையும் கொத்தினோம். கருங்கல் ஜல்லி, நீலமும் சாம்பலுமாக, அத்தனை அழகு! மறுநாள் நான் சேலம் போய்த் திரும்புவதற்குள் கொத்தனார் நாலு தூணையும் வழவழவென்று பூசி முடித்திருந்தார். எங்கள் பக்கம் கான்கிரீட்டைக் கொத்துவதே பூச்சு பிடிக்கத்தானே. மனுசன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார், அவரை என்னவென்று திட்டுவது? அழுகை முட்டியது. நீங்கள் நினைத்தது நடந்துவிட்டதா என்று அப்பாவிடம்தான் வெடுக்கென்று கேட்டேன்.

அவர் பூச்சை விரலால் அழுத்திப் பார்த்தார். ஈரம் காயவில்லை. கொத்தனாரின் கரண்டியை வாங்கி முதல் தூணை அவரே வழிக்க ஆரம்பித்தார். பிறகு நாங்களும் சேர்ந்துகொண்டோம். தண்ணீர் அடித்துக் கம்பி பிரஷால் தேய்த்ததும் ஜல்லி வெளியே வந்தது.

கிரகப்பிரவேசத்தன்று அத்தை வந்தார். அப்பாவுக்கு மூத்தவர், அவர் வாய்க்கு ஊரே பயப்படும். சொந்தபந்தம் எல்லாம் நிற்கும்போதே தூணைத் தடவிப் பார்த்து, இதற்குப் பூச்சு எப்போது என்று கேட்டார்.

"எம்புள்ள வேலைய முடிச்சுப்போட்டாளுங்கக்கா," என்றார் அப்பா. "இது இப்படித்தான் இருக்கும்."