பதினாலாம் பக்கம்

டோல்கேட் பக்கத்தில் ஆள் அனுப்பும் ஆபீஸ் நடத்துகிறேன். எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கு வெல்டர், ஃபிட்டர், ஹெல்பர் என்று யார் வேண்டுமானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ‘பொம்பளைக்கு எதுக்கு இந்தத் தொழிலு, ஆறு மாசம் தாங்குமா’ என்று என் காதுபடவே சொன்ன இரண்டு பேர், இன்று ஆள் பற்றாக்குறை வந்தால் எனக்குத்தான் போன் போடுகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

ஒருவரைத் தொழிற்சாலை கேட்டுக்குள் அனுப்புவதற்குள் உயிர் போய்விடும். ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம், போட்டோ, மெடிக்கல் ரிப்போர்ட், அத்தனையும் வேண்டும். எல்லாம் என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒரு கடைக்காரரின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டது என்று கேள்விப்பட்ட அன்றே நான் முழித்துக்கொண்டேன். நல்ல ஆன்டிவைரஸ் போட்டேன். வாசலில் கேமரா, கதவுக்குக் கைரேகைப் பூட்டு, அடிக்கடி மாற்றும் பாஸ்வேர்டு. “என் ஆபீசுலேர்ந்து ஒரு துண்டுக் காயிதம்கூட வெளிய போவாது” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அளந்துகொண்டிருந்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை ஆனால், அடுத்த வாரம் உள்ளே போகிறவர்களின் காகிதங்களையெல்லாம் ஒரே ஃபைலாகச் சேர்த்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவோம். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் பின்னால் இருக்கும்; கேட்டில் செக்யூரிட்டி திருப்பி அனுப்பிவிடுவான். அதனால் அவரவர் பெயரை அவரவரே பார்த்துச் சரி சொல்ல வேண்டும். சூப்பர்வைசர் அதிலேயே பார்த்துக்கொள்வார், ஜெராக்ஸ் கடைக்காரர் அதிலிருந்தே பிரின்ட் எடுத்துவிடுவார். எத்தனை டீ போட வேண்டும் என்று தெரிய வேண்டுமே என்று டீக்கடைக்காரரையும் அதில் சேர்த்து வைத்திருந்தேன். வேலையை விட்டுப் போனவர்களும் அதில்தான் இருந்தார்கள், யார் உட்கார்ந்து நீக்குவது?

“எல்லாத்தையும் அதுல போடணுமா மேடம்?” என்று ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் ஒருமுறை கேட்டாள்.

“உனக்கு இன்னா கஷ்டம்? வேலையப் பாரு” என்றேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் எண்ணூர் சைட் சூப்பர்வைசர் போன் செய்தார். நெட்டுக்குப்பத்து வெல்டர் காலையில் வந்துவிட்டுப் பாதியிலேயே வீட்டுக்குப் போய்விட்டாராம். “இனிமே அவர அனுப்பாதீங்க மேடம். பசங்க அவரு பக்கத்துல உக்காந்து துன்ன மாட்டேன்றாங்க” என்றார். காரணம் கேட்டதற்கு ஒரு படம் அனுப்பினார். மெடிக்கல் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரியை வெட்டி எடுத்து, ‘டிபி’ என்ற இடத்தில் சிவப்பாக வட்டம் போட்டிருந்தது. மேலே அவர் பெயர். அது சைட் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் என்னிடம் எட்டு வருடமாக இருப்பவர். குழாய் வெல்டிங்கில் அவர் கை பட்டால் சோதனையில் ஒரு இணைப்புகூடத் திரும்பி வராது. அந்த மனிதரின் பிழைப்பில் எவனோ மண்ணைப் போட்டுவிட்டான் என்று எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. எவனோ ஹேக் செய்துவிட்டான் என்றே முடிவு கட்டினேன். கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரை வரவழைத்து வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் ஒரு மணி நேரம் குடைந்து பார்த்துவிட்டு, “யாரும் உள்ள வர்ல மேடம், எல்லாம் பக்காவா கீது” என்றார். அடுத்து அந்தக் கம்ப்யூட்டர் பெண் மேல் பாய்ந்தேன். நீதான் எவனுக்கோ அனுப்பியிருப்பாய் என்றுகூடச் சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அவள் என் போனையே எடுத்து, குரூப்பைத் திறந்து, சனிக்கிழமை வந்த ஃபைலைக் காட்டினாள். பதினாலாம் பக்கத்தில் அந்த ரிப்போர்ட் முழுசாக இருந்தது. ‘பழைய டிபி, சிகிச்சை முடிந்தது, வேலைக்குத் தகுதி’ என்று டாக்டர் எழுதியிருந்தார். வெட்டியவன் முதல் பாதியை மட்டும் வெட்டியிருந்தான். அனுப்பியது நான், ஒரு கும்பிடு பொம்மையும் சேர்த்து. எல்லோரிடமிருந்தும் அழித்துவிடலாம் என்று அழுத்தினால், அதற்கான நேரமும் கடந்து போயிருந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது? அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு இரண்டு பேரும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினோம். அன்றைக்கே குரூப்பைக் கலைத்தோம். இனி அவரவர் காகிதம் அவரவருக்கு மட்டும். மெடிக்கல் சென்டரிலிருந்து ‘தகுதி’ என்ற ஒரு வரி எனக்குப் போதும், மீதி ரிப்போர்ட் தொழிலாளி கையில் போகட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தால், எங்கள் ஆட்களின் ஆதார் வருடக்கணக்கில் அந்தக் கம்ப்யூட்டரில் குவிந்து கிடந்தது. கடைக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அத்தனையையும் அழித்தேன். எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களின் பாஸ்புக் என் கம்ப்யூட்டரில் எதற்கு என்று அதையும் ஒழித்தோம். தேவையில்லாததை வைத்திருந்தால்தானே வெளியே போகும்? இனி நான் எதை அனுப்பச் சொன்னாலும் ‘எதுக்கு மேடம்’ என்று கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு. கேட்கிறாள், என் மானம் போகிற அளவுக்குக் கேட்கிறாள்.

மறுநாள் காலை நெட்டுக்குப்பம் போனேன். வெல்டர் வீட்டு வாசலில் பைக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“வா மேடம், உள்ள உக்காரு. ஃபேன் கீது” என்றார்.

“அண்ணா, தப்பு என்னுது. நான்தான் குரூப்புல போட்டேன்.”

“தெரியும் மேடம். குரூப்புல நானும் கீறேன்ல?” கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டார். “சனிக்கிழமையே பாத்துட்டேன். பதினாலாம் பக்கம் வரிக்கும் எவன் பாக்கப்போறான்னு நெனச்சிகினு இருந்தேன்.”

மூன்று ராத்திரி அந்த மனிதர் அப்படி நினைத்துக்கொண்டே படுத்து எழுந்திருக்கிறார். ஆனால் நான் சும்மா வரவில்லையே! வழியிலேயே மெடிக்கல் சென்டரில் இறங்கி, ‘நோய் முற்றிலும் குணமாகிவிட்டது, யாருக்கும் பரவாது’ என்று டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்திருந்தேன். பையிலிருந்து எடுத்து நீட்டினேன். “இத சைட்டுல எல்லாருக்கும் காட்டிடலாம் அண்ணா. ஒருத்தன் வாயத் தொறக்க மாட்டான்.”

அவர் அதைப் படிக்கவில்லை. “டாக்டராண்ட போவறதுக்கு முன்ன என்ன ஒரு வார்த்த கேட்டியா மேடம்?” என்றார். குரல் உயரவில்லை. “ஆறு மாசம் மாத்திர துன்னது நானு. வாந்தி எடுத்தது நானு. யாராண்ட சொல்றது, எப்ப சொல்றதுன்னு நான் பாத்துக்க மாட்டேனா? மறுபடியும் என் காயிதத்த ஊருக்குக் காட்டணும்ன்றியே.”

கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அவர் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நாளைக்கு வேலைக்கு வரேன். கேட்டுல என் பாஸ் இருக்கணும். அத்த மட்டும் பாத்துக்கோ” என்றார்.

அதுதான் எனக்குத் தெரிந்த வேலை. சூப்பர்வைசர் முன்னால் போய் நின்றேன். டாக்டர் தகுதி என்று கையெழுத்துப் போட்ட ஆளை எந்தச் சட்டப்படி நிறுத்துகிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றேன். எழுதிக் கொடுக்க அவருக்குப் பைத்தியமா? சாயங்காலத்துக்குள் பாஸ் தயார்.

வியாழக்கிழமை மதியம் மனசு கேட்காமல் நானும் சைட்டுக்குப் போனேன். கேட்டுக்கு வெளியே தகரக் கொட்டகையில் சாப்பாட்டு நேரம். வெல்டர் டப்பாவோடு வந்து உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து எதிர்ப்பக்கம் போனார்கள். அவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு ஃபிட்டர் மட்டும் என்னிடம் வந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார். “மேடம், இவருக்கு நெஜமாலுமே சரியாயிட்ச்சா? நீ சொன்னா நாங்க நம்புறோம்.”

கொட்டகையே என்னைப் பார்த்தது. வெல்டரும் பார்த்தார். பதில் எனக்கு வரிக்கு வரி தெரியும், டாக்டர் எழுதியதை அப்படியே ஒப்பிப்பேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, “உன் எதிர்லதான உக்காந்துகினு கீறாரு? அவரையே கேளு” என்றேன்.

வெல்டர் டப்பாவைத் திறந்து மீன் குழம்புச் சோற்றைப் பிசைந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு ஃபிட்டரை நேராகப் பார்த்தார்.

“இருந்துச்சு. மாத்திர துன்னேன், சரியா பூட்ச்சு. வேற இன்னா தெரியணும் உனக்கு?”

ஃபிட்டர் எதிர்ப் பெஞ்சிலிருந்த தன் டப்பாவை எடுத்துக்கொண்டு, “இன்னா மீனு?” என்று கேட்டபடி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.