கரையில் எடுத்த சொல்

அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் இன்னொரு தரம் சொன்னதாகிவிடும். கேட்டே தீர வேண்டும் என்று இருப்பவர்கள் பக்கத்தில் நிற்கிற ஒரு பொடியனின் போனை வாங்கிப் பார்க்கலாம். மாசி மாதம் வெளிவந்த அந்தப் படத்தில், கடற்கரைச் சண்டையில், பச்சைச் சேலை கட்டின பெண் மற்றவளைப் பார்த்துக் கத்துகிறாளே, அதுதான்.

என் பெயர் ஹுஸ்னியா. கிண்ணியாவில் கருவாட்டு வியாபாரம். எனக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். திருகோணமலைக்கு வடக்கே சல்லி என்ற கடற்கரை ஊரில் நெத்தலி காயவைக்கிற இராசமலர் இதற்கு நேர்மாறு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு மீனைப் புரட்டப் போய்விடுவாள். கிண்ணியாவுக்குப் பாலம் வருவதற்கு முன்பு, நாங்கள் தோணியில் கடந்து திருகோணமலைக்கு வந்த காலத்திலிருந்து அவளிடம்தான் நெத்தலி வாங்குகிறேன். அவளுடைய கருவாட்டில் ஒரு பொட்டு மண் இருக்காது. வானம் கறுத்தால் மற்றவர்கள் சாக்கை இழுத்து மூடுவார்கள், இவள் முழுவதையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். பிறகு வீடு நாறுதே என்று நான் மூக்கைப் பிடித்தால், "உனக்கு நாத்தம், எனக்குச் சோறு" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய பகிடி.

படம் வந்த புதிதில் ஒரு காலை நான் போனபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது, நெத்தலி புரட்டாமல் அப்படியே கிடந்தது. அவள் வேலியோரம் குந்தியிருந்தாள்.

"என்ன மலர், மேலுக்குச் சரியில்லையா?" என்றேன்.

"நீ அந்தப் படம் பாத்தனியா?"

"பாக்காம? எங்கட வீட்டுல பிள்ளையள் அந்தச் சண்டையத்தானே திருப்பித் திருப்பிப் போட்டுச் சிரிக்குதுகள்" என்று, நானும் அந்தச் சொல்லைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் எழும்பி வந்து உப்புக் கையால் என் வாயைப் பொத்தினாள். இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான். எனக்குச் சிரிப்பதா கோபிப்பதா என்றே தெரியவில்லை.

பிறகு சொன்னாள். சொல்லைச் சொல்லாமல் அதன் கதையை மட்டும் சொன்னாள்.

அது அந்தக் கரையில் மட்டும் புழங்கின பழைய ஏச்சு. வெளியாள் கேட்டால் கரைவலை இழுக்கிறவர்கள் மீன் பங்கு பிரிக்கிற பேச்சு என்றுதான் நினைப்பார். தூஷணம் என்று விரல் வைக்க அதில் ஒன்றுமே கிடையாது. ஆனால் சல்லியில் அதற்கு ஒரே கருத்துத்தான்: உன் பிள்ளை உன் புருசனுக்குப் பிறந்ததில்லை.

தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அவளுடைய புருசன் கதிராமனை ஆமிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். சில மாதம் கழித்து அவர் எப்படியோ தப்பி, ஒருவர் கண்ணிலும் படாமல் வீட்டுக்கு வந்து, விடிவதற்கு முன்பே போய்விட்டார். அதற்குப் பிறகு உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று கூடத் தகவல் இல்லை. அவர் வந்துபோனதை வெளியில் சொன்னால் தேடி வருவார்கள் என்ற பயத்தில் அவள் வாயைத் திறக்கவில்லை. வயிறு மட்டும் ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டது. நிசாந்தன் பிறந்தான். கதிராமனின் தமக்கை, தம்பியைப் பறிகொடுத்த ஆத்திரமோ என்னவோ, மீன் பங்கு பிரிக்கிற இடத்தில் முழுச் சனத்துக்கும் முன்னால், கைக்குழந்தையோடு நின்ற இவளைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாள்.

அந்தக் கரையில் அதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சொல்லக் கூடாததைச் சொன்னவர், சொன்ன அதே இடத்துக்கு வந்து, கேட்ட அதே ஆட்கள் நிற்க, ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளிக் கடலுக்குள் எறிந்து "எடுத்தன்" என்று சொல்ல வேண்டும்; சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொண்டேன் என்று அதற்குப் பொருள். எடுத்த சொல்லை அதற்குப் பிறகு ஒருவரும் வாயில் வைக்க மாட்டார்கள், கேட்டதாகவும் காட்ட மாட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் தமக்கையைக் கூட்டிவந்து அப்படி எடுக்க வைத்தார்கள். அவளும் அழுதுகொண்டே எறிந்தாளாம். இப்போது அவள் உயிரோடு இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் அந்தச் சொல் சல்லியில் கேட்கவில்லை.

"நிசாந்தனுக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன்.

"அவன்ர வயசுக்காரர் ஒருத்தருக்கும் அந்தச் சொல்லே தெரியாது. அது எங்களோட செத்திருக்கும்." நெத்தலியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "இப்ப பொடியள் கருத்துக் கேப்பாங்கள். ஆராவது ஒரு கிழவன் சிரிச்சுக்கொண்டு சொல்லுவான். பிறகு இது ஆரைப் பாத்துச் சொன்னது எண்டும் சொல்லுவான். அவன் தகப்பன்ர படத்துக்குப் பூ வைக்காமல் ஓட்டோவை எடுக்காதவன், ஹுஸ்னியா."

இப்படி இருக்கும்போது நான் சும்மா இருக்கிற ஆளா? அந்தப் படத்தில் வேலை செய்த இராகுலன் திருகோணமலை டவுண் பொடியன், என் மகளோடு டியூசன் படித்தவன். அன்றைக்கே போன் எடுத்தேன். எடுத்தவுடன் அவன் பெருமையோடு தொடங்கிவிட்டான்.

"அன்ரி, வழமையான தூஷணம் எழுதினால் கொழும்பில சத்தத்தை வெட்டிப் போடுவாங்கள். அதுதான் ஊர் ஊராத் திரிஞ்சு பழைய ஏச்சுகள் தேடினனாங்கள். இறக்கக்கண்டியில ஒரு ஐயா, முந்திச் சல்லியில வலை இழுத்தவர், இதைச் சொன்னவர். சென்சார்ல ஒரு கேள்வி கூடக் கேக்கேல்ல, தெரியுமே?"

"கருத்து என்னெண்டு நீ கேட்டியா மகன்?"

"ஏதோ பங்குச் சண்டையில சொல்லுறது எண்டவர்."

நாசமாய்ப் போகிறவனே என்று நாக்கு நுனி வரை வந்தது. சல்லியில் ஒரு ஆளுக்கு அது நோகிறது என்று மட்டும் சொன்னேன், பெயர் சொல்லவில்லை. "ஐயோ அன்ரி, நான் வேணுமெண்டு செய்யேல்ல. நான் வாறன். அந்தக் கரையிலேயே நிண்டு மன்னிப்புக் கேக்கிறன். வீடியோ எடுத்துப் போட்டால் படம் பாத்த எல்லாருக்கும் போய்ச் சேரும்." அதைப் போட்டால் இன்னும் ஆயிரம் பேர் கருத்துத் தேடுவார்கள், வராதே என்றேன். அவன் நல்ல மனதோடுதான் சொன்னான். கெட்டவனாக இருந்திருந்தால் வாய் நிறைய ஏசியாவது ஆறியிருப்பேன்.

கொழும்புக்குப் போவோம் என்றது நான்தான். படங்களைப் பார்த்து அனுமதி கொடுக்கிற அலுவலகத்தில் சொன்னால் அந்த ஒரு இடத்தில் சத்தத்தை எடுத்துவிடுவார்கள், தொலைக்காட்சியில் போடும்போதாவது வராது என்று அவளை நச்சரித்தேன். கண் கிளினிக்குக்குப் போவதாக நிசாந்தனிடம் பொய் சொன்னோம். அவனே ஓட்டோவில் எங்களை பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கினான். முன்கண்ணாடிக்கு மேலே கதிராமனின் படம், அதில் அன்றைய செவ்வரத்தம்பூ. அம்மாவின் பையைத் தூக்கி பஸ்ஸுக்குள் வைத்து, தண்ணீர்ப் போத்தல் வாங்கிக் கொடுத்து, "அன்ரி, அம்மாவைக் கவனம்" என்று சொல்லிவிட்டு ஓட்டோவைத் திருப்பினான். பின்கண்ணாடியில் புதிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்தில் அந்தச் சொல். டவுணில் அப்போது ஓட்டோவுக்கு ஓட்டோ அதைத்தான் ஒட்டித் திரிந்தார்கள்.

இராசமலர் பஸ் ஜன்னலால் அதைப் பார்த்தாள். நான் முன்னுக்கு இருந்த சீற்றைப் பார்த்தேன்.

அலுவலகத்தில் எங்களை மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தமிழ் தெரிந்த ஒரு அதிகாரி கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணீர் சொல்லிவிட்டு, எந்த இடம் என்று கேட்டார். நான் சொன்னதும் கம்பியூட்டரில் அந்தச் சண்டையைப் போட்டார். அறை முழுக்கக் கேட்டது. விளங்கவில்லை என்று திரும்பவும் போட்டார். இராசமலர் சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"இதில பிழையா ஒண்டும் இல்லையே அம்மா. இந்தப் படத்தில ஒரு இடத்தில 'நாயே' எண்டு வந்ததையே நாங்கள் எடுத்துப் போட்டம். இது மீன் பங்குக் கதை மாதிரியெல்லோ கிடக்கு?"

"கெட்ட கதை சேர்" என்றாள் இராசமலர்.

"என்ன கருத்து எண்டு சொல்லுங்கோ, நான் மேல அறிவிக்கிறன்."

"பொம்பிளையளைப் பாத்துச் சொல்லக் கூடாத கதை."

"அப்பிடியெண்டால்?"

அவள் கதவுப் பக்கம் பார்த்தாள். தேத்தண்ணீர் கொண்டுவந்த பையன் தட்டோடு நின்று பார்த்தான். அதிகாரி இன்னும் மெதுவாகக் கேட்டார்: "படத்தில உங்களைச் சொல்லேல்லத்தானே? அப்ப உங்களுக்கு இதால என்ன பாதிப்பு?"

நான் வாயைத் திறந்தேன். முழுவதையும் கொட்டிவிடலாம் என்றுதான் திறந்தேன். மேசைக்குக் கீழே அவள் என் கையைப் பிடித்து நெரித்தாள். மீன் கழுவிக் காய்ச்சுப்போன கை, நெரித்தால் நோகும். மூடிக்கொண்டேன்.

"ஒண்டு செய்யுங்கோ" என்றார் அவர். "உங்கட ஊரில ரெண்டு மூண்டு பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. இது தகாத சொல், இன்ன கருத்து எண்டு அவையள் சொன்னால் நான் பாக்கிறன். ஆனா அம்மா, உள்ளதைச் சொல்லுறன். படம் வெளியால போயிட்டுது. சனத்தின்ர போனில கிடக்கிறதை எங்களால ஒண்டும் செய்ய ஏலாது."

ஊரில் பெரியாட்களைக் கூட்டி வருவதாம். அவர்களை ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு, அந்தப் பழைய நாளை ஞாபகப்படுத்தி, பஸ் ஏற்றி, கொழும்பில் வைத்துச் சொல்ல வைப்பதாம். மறந்தவனும் நினைத்துக்கொள்வான். அந்த மனிதர் மேல் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படியிறங்கும்போது இராசமலர், "தேத்தண்ணிக்கு அவர் சீனி கூடப் போடுவிச்சிட்டார்" என்றாள்.

திரும்பி வரும் வழியில் நான்தான் அழுதேன். அவள் என் தோளைத் தட்டிக்கொண்டு வந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கருவாடு எடுக்கப் போனேன். கரைவலை இழுத்து முடிந்திருந்தது. மீன்வாடிக் கொட்டிலுக்கு முன்னால் நாலைந்து கிழவர்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தார்கள், பொடியள் சிலர் வள்ளத்தில் சாய்ந்து நின்றார்கள். நிசாந்தன் டவுணிலிருந்து தன் மகள் பிரியங்கினியைக் கூட்டி வந்திருந்தான். மூன்று வயது, பேச்சு இன்னும் மழலைதான். இராசமலரும் நானும் கரைக்கு இறங்கினதைக் கண்டவுடன் அவன் பிள்ளையை மண்ணில் இறக்கிவிட்டான்.

"குட்டி, அப்பம்மாவுக்கு அந்த அன்ரி மாதிரிச் செய்து காட்டு."

பிள்ளை ஒரு கையை இடுப்பில் வைத்தது. மற்றக் கையை இராசமலரை நோக்கி நீட்டியது. படத்தில் வந்த பச்சைச் சேலைக்காரியைப் போலவே கழுத்தைச் சாய்த்து, அந்தச் சொல்லை மழலையில் சொன்னது.

பொடியள் கைதட்டினார்கள். நிசாந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கிழவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை, தலையைக் குனிந்து வலையில் அறுந்த கண் தேடினார்கள். அவர்களுக்குத் தெரியும். பிள்ளை நின்ற இடம், மீன் பங்கு பிரிக்கிற அதே இடம்.

இராசமலர் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பிள்ளையைத் தூக்கி, அலை வந்து போகிற இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். குனிந்து ஈர மண்ணில் ஒரு பிடி அள்ளி அந்தச் சின்னக் கைக்குள் வைத்து மூடினாள்.

"கடலுக்குள்ள எறி, செல்லம்."

பிள்ளை எறிந்தது. மண் காலடியிலேயே விழுந்து, அடுத்த அலையில் போனது.

"எடுத்தன் எண்டு சொல்லு."

"எதுத்தன்."

"என்னம்மா இது, புது விளையாட்டா?" என்று நிசாந்தன் கேட்டான்.

"ஓம் தம்பி. விளையாட்டுத்தான்."

வலை பொத்தின கிழவர்களில் ஒருவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழும்பி அந்தப் பக்கம் போனார். இராசமலர் பிள்ளையின் கையைக் கடல் தண்ணீரில் கழுவி, தன் சேலையில் துடைத்து, உள்ளங்கையில் முத்தம் கொஞ்சினாள். அவள் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததை நான் கண்டேன்.

பிரியங்கினிக்கு அந்த விளையாட்டு நன்றாகப் பிடித்துவிட்டது. கையை உருவிக்கொண்டு ஓடிப்போய், முதலில் நின்ற இடத்திலேயே நின்று, இடுப்பில் கையை வைத்து, அந்தச் சொல்லை முன்னைவிடப் பலமாகச் சொன்னது. சொல்லிவிட்டு ஓடி வந்து, மண்ணுக்குக் கையை நீட்டியது.

இராசமலர் திரும்பவும் குனிந்தாள்.