ஆறு வோல்ட் ஹாரன்

கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த வண்டிக்கும் வயரிங் செய்வேன் என்று அளந்துகொண்டிருந்த எலக்ட்ரீஷியனின் கைக்கு, சொந்த அக்கா புருஷனின் அரதப்பழசான கார் வந்து சேர்ந்தது. மினுக்மினுக்கென்று அழுதுவடிந்த விளக்குகளுக்காக பேட்டரி, டைனமோ, பல்பு எல்லாவற்றையும் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மாற்றினார். பழைய ஆறு வோல்ட் ஹாரனை மட்டும் மறந்து அப்படியே விட்டுவிட்டார்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனதிலிருந்து அத்தானுக்குப் பகலெல்லாம் வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காருக்குள்தான். ஏதாவது வேண்டுமென்றால் ஹாரனை அழுத்துவார். அக்கா அடுப்படியிலிருந்து ஓடி வருவாள்.

வேலை முடிந்ததும் அத்தான் ஆசையாக அழுத்தினார். ஏழு தெருக் காக்கைகளும் பதறிப் பறக்க, ஹாரன் ஒரே அலறலாக அலறிப் புகைந்து அடங்கியது.

"பிரிச்சுப் பார்த்தா சரியாயிடும் அத்தான்!"

உள்ளே கம்பிச்சுருள் கரியாகிக் கிடந்தது. அப்படியொரு ஹாரன் எந்தக் கடையிலும் இல்லை. கிடைத்த புது ஹாரனை மாட்டினார். அத்தான் அழுத்த, அது கீச்சென்றது.

"வாசல்ல யாருன்னு பாருடா தம்பி!" என்று அடுப்படியிலிருந்து அக்கா கத்தினாள்.

அத்தான் மறுபடி அழுத்தினார்.

"யாருடா அது, பொறுமையே இல்லாம? அப்புறமா வரச் சொல்லு!"

எலக்ட்ரீஷியன் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், அத்தான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.