இருபத்து மூன்று நிமிடப் பாட்டும் அக்காவின் மெட்டும்

பல் செட் கட்டும் தொழிலில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. டாக்டர்கள் மேல்தாடை அச்சை மட்டும் அனுப்பி, கீழ்த்தாடை பிறகு வரும், ஆரம்பித்துவிடுங்கள் என்றால் ஆரம்பிக்க மாட்டார். வந்த அச்சைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, "ஒரு தாடைய மட்டும் பாத்துப் பல்லு கட்ட நான் என்ன ஜோசியக்காரனா?" என்று போனிலேயே கேட்டுவிடுவார். டாக்டர்களுக்குக் கோபம் வரும். ஆனாலும் சுற்றிச் சுற்றி அவரிடம்தான் வருவார்கள். அவர் கட்டிய செட்டைப் போட்டுக்கொண்டு கரும்பு கடித்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு பாட்டு விஷயத்தில் முப்பத்து மூன்று வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் மலைப்பாகத்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டு இருபத்து மூன்று நிமிடம் ஓடும். அரை நூற்றாண்டுக்கு முன் தோள்வரை முடி வளர்த்த நான்கு பேர் சேர்ந்து செய்தது. இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்தையும் அது ஒன்றே அடைத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஏழு அடித் தாளத்தில் போகும், சொல்லாமல் கொள்ளாமல் ஐந்துக்குத் தாவும். காலால் தாளம் போட்டால் கால் சுளுக்கிக்கொள்ளும். இந்த வகைக்குப் புரோக்ரசிவ் ராக் என்று பெயர். பிடித்தவர்களுக்கு உயிர், மற்றவர்களுக்குத் தலைவலி.

அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது அப்பா யாரிடமோ பழைய பாக்கெட் டேப் ரெக்கார்டர் ஒன்று ஹெட்போனோடு வாங்கிவந்தார். உள்ளே யாரோ மறந்துவிட்ட கேசட், அதில் இந்தப் பாட்டு. யார் முதலில் கேட்பது என்று அவரும் அக்காவும் அடித்துக்கொண்டதில் ஹெட்போனின் வளைவு படக்கென்று இரண்டாக உடைந்தது. "ஆளுக்குப் பாதியா வச்சுக்கிட்டு நாசமாப் போங்க" என்றார் அப்பா. வலது பாதி அவருக்கு, இடது பாதி அக்காவுக்கு என்று அன்றே முடிவாகிவிட்டது.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் விழுந்துவிடுவாள். அதனால் அந்த வீட்டுக்குள் ஸ்பீக்கர் என்ற ஒன்று வந்ததே இல்லை. அப்பா அம்மா போனபின் இருவர் மட்டும். வேலை மேஜையில் அக்கா அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்து, பற்களை நிறம் பார்த்துப் பிரித்துத் தட்டுகளில் போடுவாள். கேசட் போய் போன் வந்தது, உடைந்த ஹெட்போன் போய் காதுக்குள் செருகும் வயர் வந்தது. வலது அவருக்கு, இடது அக்காவுக்கு என்பது மட்டும் மாறவில்லை. அக்கா தூங்கும்போது இடது முனை அவர் மார்பில் சும்மா தொங்கும். அந்தக் காது, அக்கா விழுகிற சத்தத்துக்காகத் திறந்தே இருக்க வேண்டிய காது.

அக்காவிடம் ஒரு மெட்டு இருந்தது. மூன்று படி ஏறும், எதையோ யோசிப்பது போல நிற்கும், பிறகு வழுக்கிக்கொண்டு கீழே வரும். பற்களைப் பிரிக்கும்போது முனகுவாள், துணி மடிக்கும்போது முனகுவாள். பாட்டு ஓடும்போது முனகினால்தான் அவருக்குப் பொறுக்காது. "உஷ், பாட்டைக் கெடுக்காதக்கா" என்பார். அவள் சிரித்துக்கொண்டு நிறுத்திவிடுவாள். அவர் மட்டும் பாட்டின் வார்த்தைகளை வாய்விட்டுக் கூடவே பாடிக்கொண்டிருப்பார். அவருக்கு ஏன் சந்தேகமே வரவில்லை என்று கேட்கக் கூடாது. கூடவே இருப்பவர்கள்மேல் நமக்கெல்லாம் எப்போது சந்தேகம் வந்திருக்கிறது? ஒன்பதாம் வகுப்போடு படிப்பு போய், வாசலைத் தாண்டுவதற்கே துணை தேவைப்பட்டு, ஐம்பத்திரண்டு வயது வரை வந்துவிட்ட அக்காவுக்கு, தனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்த ஒரே சொத்து அந்த மெட்டுதான் என்று அவர் நம்பினார்.

அந்தப் பாட்டின் ரசிகர்களுக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. நாற்பது பேர். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. அவருக்கு அங்கே 'செகண்ட்' என்று பட்டப்பெயர். எந்த நிமிடத்தில் எந்த நொடியில் என்ன நடக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பதினோராவது நிமிடத்தில் வரும் நாற்பது நொடி மௌனத்தைப் பற்றி அவர் அனுப்பிய நீண்ட செய்தியைப் படித்துக் கண் கலங்கியவர்கள் உண்டு. என்ன ஆழம், என்ன கற்பனை என்று எழுதினார்கள்.

அப்படி இருக்கையில், வெள்ளிச் சாயம் பூசிய முடியோடு இருபத்திரண்டு வயதுப் பாப் பாடகி ஒருத்தி வந்து, அந்த இருபத்து மூன்று நிமிடத்தை ஐந்து நிமிடமாகச் சுருக்கிப் பாடி வெளியிட்டாள். குழு பற்றி எரிந்தது. "அஞ்சு நிமிஷத்துல பழைய ஆளுங்க தொண்டையச் செருமிக்கூட முடிச்சிருக்க மாட்டாங்க" என்றார் குழுவிலிருந்த டயர்க்கடைக்காரர் ஒருவர். "என் கிளாஸ்ல பத்துப் பேரு இதக் கேட்டுட்டுத்தான் பழசைத் தேடிப் போனாங்க, தெரியுமா?" என்றார் கெமிஸ்ட்ரி டீச்சர் ஒருவர். ஏழு அடித் தாளத்தை நான்காக்கியது கொலை என்றார்கள் சிலர். கொலை என்றால் பிணம் எங்கே, பழைய பாட்டு பழைய இடத்தில்தானே இருக்கிறது என்றார்கள் மற்றவர்கள்.

அந்தக் குப்பையைக் காதால் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த நம்மவர், ஒரு மத்தியானம் அக்கா தூங்கும்போது கேட்டார். மூன்றாவது நிமிடத்தில் அந்தப் பெண் வார்த்தைகளை விட்டுவிட்டு வெறும் குரலில் ஒரு மெட்டை எடுத்தாள். மூன்று படி ஏறியது. நின்றது. வழுக்கி இறங்கியது. மெழுகுக் கத்தி அவர் கையில் அப்படியே நின்றுவிட்டது.

அக்காவின் மெட்டு. எங்கிருந்து போயிருக்கும்? யோசிக்க யோசிக்க அவருக்கு ஒன்று விளங்கியது. குழுவுக்கு அவர் பேசி அனுப்பிய எத்தனையோ ஒலிச் செய்திகளில், பின்னால் அக்கா முனகிக்கொண்டிருந்திருப்பாள். எவனோ அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அவருக்கு ரத்தம் கொதித்தது. அக்காவிடம் மூச்சு விடவில்லை. நியாயத்தை வாங்கிக்கொண்டு வந்து அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று வைராக்கியம்.

சண்டை முற்றி, நேரிலேயே பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டயர்க்கடையின் மாடிக் கிடங்கில் கூடினார்கள். பதினோரு பேர் வந்தார்கள். நாற்காலி இல்லாததால் டயர்களை அடுக்கி உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மாவை அக்காவுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, சலவைச் சட்டையில் போயிருந்தார் அவர். ஒரு மணி நேரம் எல்லாரையும் கத்தவிட்டுவிட்டு எழுந்தார்.

"நீளத்தப் பத்தி நான் பேச வரல. தாளத்தப் பத்தியும் பேச வரல. அந்தப் பொண்ணு மூணாவது நிமிஷத்துல ஒரு மெட்டுப் பாடுது. அது பழைய பாட்டுல கிடையாது. அது எங்க அக்காவோடது. அத உங்கள்ல யாரோ திருடிக் கொடுத்திருக்கீங்க. எனக்கு யாருன்னு தெரியணும்."

யாரோ சிரித்தார்கள். டீச்சர்தான் மெதுவாகப் பேசினார்.

"சார், அது பழைய பாட்டுலயே இருக்கே. பதினோராவது நிமிஷத்துல புல்லாங்குழல்ல வருமே."

"எனக்கா சொல்றீங்க? அந்த எடத்துல ஒண்ணுமே கிடையாது. மௌனம். அதப் பத்தி நான் எழுதினதுக்கு நீங்களே கைதட்டினீங்க."

"நீங்க கவிதையாச் சொல்றீங்கன்னுதான் சார் நாங்க நெனச்சோம்."

டயர்க்கடைக்காரர் பழைய பாட்டைப் போட்டுப் பதினோராவது நிமிடத்துக்கு நகர்த்தினார். இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு, கிடங்கின் இரண்டு மூலையில். வலதுபக்கத்தில் அவருக்குத் தெரிந்த மௌனம் வந்தது. இடதுபக்கத்தில் ஒரு புல்லாங்குழல் மூன்று படி ஏறி, நின்று, வழுக்கி இறங்கியது.

அவர் எழுந்து இடது ஸ்பீக்கரிடம் போய் அதன்மேல் கை வைத்தார். உள்ளங்கையில் அது அதிர்ந்தது. அக்கா துணி மடிக்கும்போது வருவது, அக்கா ஜுரத்தில் கிடந்தபோது வந்தது, அவர் முப்பத்து மூன்று வருஷமாக 'உஷ்' சொன்னது, எல்லாம் அங்கே இருந்தது. மூக்கறுபட்டுப் போனோமே என்று வெட்கப்படக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"சார், நீங்க வழக்கமா எப்படிக் கேப்பீங்க?" என்று டீச்சர் கேட்டார். அவர் உடைந்த ஹெட்போனைப் பற்றிச் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்தக் காலத்துப் பதிவுகளில் ஒரு பக்கத்தில் இருப்பது மறுபக்கத்தில் இருக்காது என்று யாரோ விளக்க வாயெடுக்க, டயர்க்கடைக்காரர் கையமர்த்தினார். "மொதல்லேருந்து போடறேன். உக்காருங்க செகண்ட்."

இருபத்து மூன்று நிமிடமும் பதினோரு பேரும் அசையவில்லை. தனக்குத் தெரிந்த பாட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு பாட்டு நடந்துவருவதை அவர் பார்த்தார். வலதில் குரல் ஒரு கேள்வி கேட்டது. அந்தக் கேள்விக்கு இடதில் குழல் பதில் சொன்னது. பதில் இல்லாத கேள்விகளின் பாட்டு என்று அவர் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார்! முடிந்தபோது அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவும் இல்லை. "அந்தப் பொண்ணு ரெண்டு பக்கமும் கேட்டுட்டுத்தான் பாடியிருக்கா" என்று மட்டும் சொன்னார். டயர்க்கடைக்காரருக்கே அதை மறுக்க மனம் வரவில்லை.

வீடு வரும்வரை அவருக்கு ஒரே கவலை. அக்காவின் ஒரே சொத்தும் அவளுடையது இல்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மேஜையில் உட்கார்ந்து வயரை எடுத்து, இரண்டு முனைகளையும் அக்காவின் இரண்டு காதுகளிலும் செருகிப் பாட்டைப் போட்டார்.

அக்கா பல் தட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது நிமிடத்தில் அவள் கண் பெரிதாயிற்று. வலது காதிலிருந்த முனையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பதினோராவது நிமிடம் வந்தபோது வாய் லேசாகத் திறந்திருந்தது. முடியும்வரை அந்தக் கை இறங்கவில்லை.

"இதுல ஒரு ஆளு பாடறாரேடா!"

"ஆமாக்கா."

"நீ பாடுவியே, அதே வார்த்தை."

"ஆமா."

"அப்ப அதெல்லாம் நீ எழுதினது இல்லயா?" அக்கா அவரையே பார்த்தாள். "குழலுக்கு நீதான் வார்த்தை கட்டிப் பாடறதா நான் நெனச்சேன். டாக்டரம்மாகிட்ட, பக்கத்து வீட்டுல, பால்காரர்கிட்டகூடச் சொல்லியிருக்கேனே, என் தம்பி பாட்டெழுதறவன்னு."

ஒவ்வொரு முறை பால் ஊற்றும்போதும் பால்காரர் ஏன் அவ்வளவு மரியாதையாகத் தலையசைப்பார் என்பது அவருக்கு இப்போதுதான் புரிந்தது. "இல்லக்கா. நானும் அந்த மெட்ட நீ கட்டினதுன்னுதான்..." என்று இழுத்தார்.

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியாத சிரிப்பு. அவருக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணீர் வரும்வரை சிரித்துவிட்டு, அவள் இடது முனையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். வலதைத் தன் காதிலேயே வைத்துக்கொண்டாள்.

"மறுபடி போடு. வார்த்தைய நான் கேக்கணும்."

அவர் அக்காவின் இடத்துக்கு மாறி உட்கார்ந்தார். அவள் அவருடைய நாற்காலியில். பாட்டு ஓடியது, அவர் பற்களைப் பிரிக்க ஆரம்பித்தார். பதினோராவது நிமிடத்தில் குழல் மூன்று படி ஏறியது, நின்றது, இறங்கியது. தன்னையறியாமல் அவரும் கூடவே முனகினார்.

"உஷ்" என்றாள் அக்கா. "பாட்டைக் கெடுக்காதடா."